தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்ற நடைமுறை

தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்ற நடைமுறை என்பது, குற்றம் குறித்த தகவல் காவல் நிலையத்தை அடைவது முதல் வழக்கின் தீர்ப்பும் மேல்முறையீடும் முடிவது வரை பின்பற்றப்படும் சட்ட வழிமுறை ஆகும். இது இந்தியா முழுமைக்கும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. பதிவேடுகள், வழக்கு எண்கள், தமிழ்க் கலைச்சொற்கள் போன்றவற்றில் தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் வழக்கங்களும் இதில் கலந்துள்ளன.

இந்நடைமுறையில் ஒரு வழக்கின் பொறுப்பு பலரிடையே பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. குற்றத்தைப் புலனாய்வு செய்பவர் காவல்துறை அதிகாரி. வழக்கை நடத்துபவர் அரசு குற்றவியல் வழக்கறிஞர். எதிர்வாதம் செய்பவர் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர். முடிவு செய்பவர் நீதிபதி. கைது செய்தவரே தண்டிப்பவராகவும் ஆகிவிடாமல் தடுப்பதே இப்பகிர்வின் நோக்கம் ஆகும்.

சட்ட அடிப்படை

1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் ஐம்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக 2023 ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்ஹிதாவும், 1872 ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்திற்கு மாற்றாகப் பாரதிய சாக்ஷிய அதினியமும் நடைமுறைக்கு வந்தன.

2024 ஜூலை 1 க்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அந்நாளில் நிலுவையில் இருந்த வழக்குகளும் பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடர்கின்றன. எனவே ஒரே நீதிமன்றத்தில் இருவகைப் பிரிவு எண்களும் வழங்குகின்றன.

"விசாரணை" என்னும் சொல்

அன்றாடத் தமிழில் "விசாரணை" என்னும் ஒரே சொல் மூன்று வேறுபட்ட நடவடிக்கைகளைக் குறிக்கின்றது. சட்டம் இவற்றைத் தனித்தனியே வரையறுக்கின்றது.

- புலனாய்வு அல்லது புலன் விசாரணை: காவல்துறை சான்றுகளைத் திரட்டும் பணி. இதன் முடிவில் கிடைப்பது காவல்துறையின் கருத்து மட்டுமே.
- நடுவர் விசாரணை: வழக்கு விசாரணை அல்லாத பிற காரணங்களுக்காக நடுவரோ நீதிமன்றமோ நடத்துவது. காவலில் நிகழும் மரணம் குறித்து நீதித்துறை நடுவர் நடத்தும் விசாரணை இதற்கு எடுத்துக்காட்டு.
- வழக்கு விசாரணை: குற்றச்சாட்டு வனையப்பட்டபின் சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பளிப்பதற்காக நீதிமன்றம் நடத்துவது.

ஒருவர் "விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்" என்று நாளிதழில் வெளிவரும் செய்தி பெரும்பாலும் முதல் வகையையே குறிக்கும். அந்நிலையில் எந்த நீதிமன்றமும் அவர்மீது எதையும் முடிவு செய்திருப்பதில்லை.

இதைப் போன்றே "குற்றவாளி" என்னும் சொல்லும் பிழையாகக் கையாளப்படுகின்றது. தீர்ப்பில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக அறிவிக்கப்படும் வரை ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. தமிழ்நாட்டு நீதிமன்ற ஆவணங்களில் இவர் "எதிரி" எனப்படுகின்றார். பலர் இருப்பின் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என எண்ணிடப்படுவர். இங்கு எதிரி என்பது வழக்கின் எதிர்த்தரப்பைக் குறிக்கும். பகைவர் என்னும் பொருள் இதற்கு இல்லை. சிறையிலும் விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி என இரு பிரிவுகள் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் ஆவர். அதாவது நான்கில் மூவர் தீர்ப்பு பெறாதவர்கள்.

நீதிமன்றங்கள்

குற்றவியல் நீதிமன்றங்கள் தண்டனை அளிக்கும் அதிகாரத்தின் அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

- இரண்டாம் வகுப்பு நீதித்துறை நடுவர்: 1 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை.
- முதல் வகுப்பு நீதித்துறை நடுவர்: 3 ஆண்டுகள் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை.
- தலைமை நீதித்துறை நடுவர்: 7 ஆண்டுகள் வரை சிறை.
- அமர்வு நீதிபதி, கூடுதல் அமர்வு நீதிபதி: சட்டம் அனுமதிக்கும் எத்தண்டனையும். மரண தண்டனை மட்டும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தபின்னரே நிறைவேற்றத்தக்கது.
- உயர் நீதிமன்றம்: சட்டம் அனுமதிக்கும் எத்தண்டனையும்.

நடுவர் என்பவர் பேச்சுவழக்கில் மாஜிஸ்திரேட் எனப்படுபவர் ஆவார். சென்னை போன்ற பெருநகரங்களுக்குப் பழைய சட்டத்தில் இருந்த பெருநகர நடுவர் என்னும் தனிப்பிரிவும், உதவி அமர்வு நீதிபதி என்னும் பிரிவும் புதிய சட்டத்தில் இல்லை.

நிர்வாகத்துறை நடுவர்கள் இவர்களிலிருந்து வேறானவர்கள். மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் ஆகியோர் பொது அமைதி காத்தல், தடை உத்தரவு பிறப்பித்தல் போன்ற அதிகாரங்களைக் கொண்டுள்ளனர். குற்ற வழக்குகளை விசாரித்துத் தண்டிப்பது நீதித்துறை நடுவர்களின் பணியாகும். நீதித்துறையை நிர்வாகத்துறையிலிருந்து பிரிக்க வேண்டும் என அரசியலமைப்பின் 50 ஆவது உறுப்பு கூறுகின்றது.

1862 இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்கி வருகின்றது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகின்றது. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். சாட்சியம் தமிழில் பதிவாகி, மேல்முறையீட்டின்போது மொழிபெயர்க்கப்படுவதால், கலைச்சொல்லில் நேரும் பிழை வழக்கின் போக்கையே பாதிக்கக்கூடும்.

காவல் நிலையத்தில்

குற்றங்கள், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவை, கைது செய்யத்தகாதவை என இருவகைப்படும். முதல் வகைக் குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். இது கட்டாயம் என 2013 இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தில், 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், உயர் அதிகாரியின் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இடமளிக்கப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகார் அளிப்பவருக்கு முதலில் மனு ரசீது அளிக்கும் வழக்கம் உள்ளது. இது சி.எஸ்.ஆர். எனப்படுகின்றது. மனு பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே இதுவாகும். முதல் தகவல் அறிக்கை அன்று. வழக்கு பதிவாகிவிட்டது எனக் கருதி மனு ரசீதுடன் காத்திருப்போர் பலர். வழக்கு பதிவாகியிருப்பின் அதற்குக் குற்ற எண் ஒன்று இருக்கும்; அறிக்கையின் நகலைப் புகார்தாரர் கட்டணமின்றிப் பெற உரிமை உண்டு. பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதன்பின்னும் பயனில்லையெனில் உறுதிமொழிப் பத்திரத்துடன் நடுவரை அணுகலாம்.

புலனாய்வு அதிகாரி நிகழ்விடத்தைப் பார்வையிட்டுப் பார்வை மகசரும் மாதிரி வரைபடமும் தயாரிப்பார். பொருள்களைக் கைப்பற்றும்போது கைப்பற்றுதல் மகசர் எழுதப்படும். இவற்றில் கையொப்பமிடுவோர் மகசர் சாட்சிகள் ஆவர். கிராம நிர்வாக அலுவலர் இப்பணிக்கு அடிக்கடி அழைக்கப்படுவார். சாட்சிகள் காவல்துறையிடம் கூறுவதை அதிகாரி எழுதிக்கொள்வார். அதில் சாட்சியின் கையொப்பம் பெறக் கூடாது. காவல்துறை அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு குற்றத்தை மெய்ப்பிக்க இயலாது. அதன் வழியாகப் புதிதாகப் பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்பிற்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும்.

கைதும் காவலும்

கைது செய்யப்படுபவருக்குக் கைதின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவரை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பதும் அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்பு அளிக்கும் உரிமைகள் ஆகும். தம் விருப்பப்படி வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மிக அரிதான சூழ்நிலைகள் தவிர, சூரியன் மறைந்தபின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்யக் கூடாது.

நடுவர் பிறப்பிக்கும் காவல் ஆணை "ரிமாண்டு" என வழங்கப்படுகின்றது. இது இருவகைப்படும். போலீஸ் காவலில் கைதானவர் காவல்துறையின் பொறுப்பில் இருப்பார். இது மொத்தம் 15 நாள்களுக்கு மேற்படலாகாது. நீதிமன்றக் காவலில் அவர் சிறையில் வைக்கப்படுவார். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டுகளும் அதற்கு மேலும் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் 90 நாள்களுக்குள்ளும், பிறவற்றில் 60 நாள்களுக்குள்ளும் புலனாய்வு முடியவில்லையெனில், கைதானவர் பிணை பெறும் உரிமையை அடைகின்றார்.

காவல் ஆணை வெறும் சடங்கு அன்று. கைதானவரை நேரில் பார்த்து, காயம் உண்டா, காரணம் தெரிவிக்கப்பட்டதா, காவல் தேவைதானா என்பவற்றை நடுவர் ஆராய வேண்டும். காவல்துறையின் கையிலிருந்து ஒருவர் வெளியே வரும் முதல் நேரம் அதுவே. 2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும், காவல் ஆணைக்குப்பின் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தனர். காயங்களுடன் இருந்தவர்களை எவ்வாறு சிறைக்கு அனுப்ப முடிந்தது என்னும் கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. மதுரைக் கிளை தாமாக முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் காவல் நிலையத்திற்கே சென்று விசாரணை நடத்தினார். பின்னர் புலனாய்வு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. நடுவர் பதவி எவ்வளவு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு இரு வகையிலும் காட்டியது.

பிணை

பிணை பேச்சுவழக்கில் ஜாமீன் எனப்படுகின்றது. பிணையில் விடத்தக்க குற்றங்களில் பிணை பெறுவது உரிமை. பிற குற்றங்களில் அது நீதிமன்றத்தின் முடிவைப் பொறுத்தது. கைது செய்யப்படும் முன்னரே அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ பெறுவது முன்பிணை அல்லது முன்ஜாமீன் ஆகும். பிணையில் செல்பவர் உரிய நாளில் வருவார் எனப் பொறுப்பேற்பவர் பிணையாளர் அல்லது ஜாமீன்தாரர் எனப்படுவார்.

பிணை வழங்குவதே பொதுவிதி, சிறை விதிவிலக்கு என்னும் கொள்கையை 1977 இல் பால்சந்த் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எடுத்துரைத்தார். ஏழைகளால் கொடுக்க இயலாத பெருந்தொகையைப் பிணைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என 1978 இல் மோத்தி ராம் வழக்கிலும் அவர் வலியுறுத்தினார். குற்றத்திற்குரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்ட விசாரணைக் கைதியையும், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவராயின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரையும் பிணையில் விடப் புதிய சட்டம் வழிசெய்கின்றது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

வழக்கறிஞர்கள்

குற்ற வழக்கை நடத்துவது அரசு ஆகும். வழக்கின் தலைப்பில் அரசின் சார்பாகக் காவல் ஆய்வாளரின் பதவிப் பெயர் இடம்பெறும். புகார் அளித்தவர் வழக்கின் தரப்பினர் அல்லர்; பெரும்பாலும் அவர் முதல் சாட்சியாகவே நீதிமன்றத்திற்கு வருகின்றார். பாதிக்கப்பட்டவர், நீதிமன்றத்தின் அனுமதியுடன், அரசுத் தரப்பிற்கு உதவத் தம் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

அமர்வு நீதிமன்றத்தில் அரசு குற்றவியல் வழக்கறிஞரும், நடுவர் நீதிமன்றத்தில் உதவி அரசு குற்றவியல் வழக்கறிஞரும் வழக்கை நடத்துவர். இவர்கள் காவல்துறையின் வழக்கறிஞர்கள் அல்லர். உண்மையை நீதிமன்றத்தின்முன் வைப்பதே இவர்களின் கடமையாகும். எவ்வாறேனும் தண்டனை பெற்றுத் தருவது அன்று. நீதிமன்றத்தின் இசைவுடன் வழக்கைத் திரும்பப் பெறவும் இவர்களுக்கு அதிகாரம் உண்டு.

குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கறிஞருக்கு வக்காலத்து அளிப்பார். வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் ஏற்பாடு செய்யப்படுவார். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். இதற்கான தொலைபேசி எண் 15100 ஆகும்.

வழக்கு எண்கள்

புலனாய்வின் முடிவில் காவல்துறை தாக்கல் செய்யும் இறுதி அறிக்கை, குற்றம் நிகழ்ந்ததாகக் கூறுமாயின், குற்றப்பத்திரிகை எனப்படுகின்றது. நடுவர் அதனைக் கோப்பிற்கு எடுத்தவுடன் வழக்கிற்கு எண் வழங்கப்படும். எண்ணுக்கு முன் உள்ள எழுத்துகள் வழக்கின் நிலையைக் காட்டும்.

- சி.சி.: நடுவரே விசாரிக்கும் வழக்கு.
- எஸ்.டி.சி.: சுருக்க முறையில் விசாரிக்கப்படும் சிறு வழக்கு.
- பி.ஆர்.சி.: அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கத்தக்க வழக்கு, நடுவரிடம் இருக்கும் நிலை.
- எஸ்.சி.: நடுவரால் ஒப்படைக்கப்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் எண்ணிடப்பட்ட வழக்கு.

காவல்துறை வழியாகவன்றி நேரடியாக நடுவரிடம் அளிக்கப்படுவது தனிநபர் முறையீடு ஆகும். காசோலை மோசடி வழக்குகள் பெரும்பாலும் இவ்வழியில் வருகின்றன.

வழக்கு விசாரணை

குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆகியவற்றின் நகல்களை எதிரிக்குக் கட்டணமின்றி வழங்கியபின், போதிய முகாந்திரம் இல்லையெனில் நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். முகாந்திரம் இருப்பின் குற்றச்சாட்டு வனையப்படும். அதனைப் படித்து விளக்கி, ஒப்புக்கொள்கின்றாரா என எதிரியிடம் கேட்பர்.

மறுத்தால் சாட்சி விசாரணை தொடங்கும். சாட்சியை அழைத்த தரப்பு முதலில் கேட்பது முதல் விசாரணை. எதிர்த்தரப்பு கேட்பது குறுக்கு விசாரணை. அதன்பின் ஐயம் நீக்க முதல் தரப்பு கேட்பது மறு விசாரணை. தம்மை அழைத்த தரப்பிற்கு மாறாகச் சாட்சியம் அளிப்பவர் பிறழ் சாட்சி எனப்படுவார். தீர்ப்புகளில் காணப்படும் "அ.சா.1" என்பது அரசுத் தரப்பின் முதல் சாட்சியையும், "அ.சா.ஆ.1" என்பது அத்தரப்பின் முதல் சான்றாவணத்தையும், "சா.பொ.1" என்பது முதல் சான்றுப் பொருளையும் குறிக்கும். வழக்கு தள்ளிவைக்கப்படும் நாள் வாய்தா எனப்படுகின்றது. வாய்தாவிற்கு வராத எதிரிமீது பிடியாணை பிறப்பிக்கப்படலாம்.

அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்தபின், தமக்கு எதிரான சான்றுகளைப் பற்றி விளக்கமளிக்க எதிரிக்கு வாய்ப்பளிக்கப்படும். இதில் அவரிடம் உறுதிமொழி பெறுவதில்லை. தமக்கு எதிராகச் சாட்சி கூற ஒருவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியலமைப்பின் 20 ஆவது உறுப்பு தரும் பாதுகாப்பாகும்.

திரைப்படங்களில் காட்டப்படும் சில வழக்கங்கள் இங்கு இல்லை. நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டுவதில்லை. முன்பு இருந்த ஜூரி முறைக்கு 1973 ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம் இல்லை. புதிய சட்டத்திலும் இல்லை. எதிரி குற்றம் புரிந்தாரா என்பதை நீதிபதியே முடிவு செய்கின்றார்.

தீர்ப்பும் மேல்முறையீடும்

குற்றத்தை நியாயமான ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. ஐயம் எஞ்சுமாயின் "சந்தேகத்தின் பலன்" எதிரிக்கு அளிக்கப்பட்டு அவர் விடுதலை செய்யப்படுவார். விடுவிப்பு என்பது வழக்கு விசாரணைக்கு முன்னரே நிகழ்வது. விடுதலை என்பது விசாரணை முடிந்து நிகழ்வது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால், தண்டனையின் அளவு குறித்து எதிரியின் கருத்தைக் கேட்டபின்னரே தண்டனை அறிவிக்கப்படும். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் உடனடியாகக் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். அமர்வு நீதிமன்றங்களில் வாதங்கள் முடிந்த 30 நாள்களுக்குள் தீர்ப்பளிக்கப்பட வேண்டும் எனப் புதிய சட்டம் கூறுகின்றது. காரணத்தைப் பதிவு செய்து இதனை 45 நாள்கள் வரை நீட்டிக்கலாம்.

நடுவரின் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்திலும், அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்திவைக்கவும் கோரலாம். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரும் மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 முதல் உள்ளது.

பழைய, புதிய பிரிவு எண்கள்

பழைய எண்கள் சில மக்கள் பேச்சில் நிலைத்துவிட்டன. ஏமாற்றுபவரை "நானூற்றிருபது" எனக் கூறும் வழக்கு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 420 ஆவது பிரிவிலிருந்து வந்தது. அடிக்கடி கேட்கப்படும் பிரிவுகளின் புதிய எண்கள் வருமாறு.

- கொலை: 302, இன்று 103
- ஏமாற்றுதல்: 420, இன்று 318
- தடை உத்தரவு: 144, இன்று 163
- முதல் தகவல் அறிக்கை: 154, இன்று 173
- நடுவரிடம் அளிக்கும் வாக்குமூலம்: 164, இன்று 183
- காவல் ஆணை: 167, இன்று 187
- எதிரியிடம் விளக்கம் கேட்டல்: 313, இன்று 351
- முன்பிணை: 438, இன்று 482
- உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்: 482, இன்று 528

இப்பட்டியலில் 482 என்னும் எண் இருமுறை வருவது கவனிக்கத்தக்கது. பழைய சட்டத்தில் அது முதல் தகவல் அறிக்கையை நீக்கக் கோரும் மனுவிற்கு உரியது; புதிய சட்டத்தில் முன்பிணை மனுவிற்கு உரியது. எனவே மனுக்களையும் தீர்ப்புகளையும் படிக்கும்போது, பிரிவு எண்ணுடன் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.